கன்னியாவில் நான் நீந்திய கதை

1

என் மகள் ஆரணி தன் தொலைபேசியில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். 'அப்பா ஊரில் செய்தவை' என்று நோர்வே மொழியில் தலைப்பு, கீழே பதினொரு வரிகள். கோட்டை மான் பரீட்சை அட்டையைத் தின்றது, கன்னியா வெந்நீர்க் கிணற்றில் நீந்தியது, அதே கிணற்றில் முட்டை அவித்தது, திரியாய் மலையில் ஒற்றைக் காலில் ஏறியது என்று அது நீண்டுகொண்டே போனது. கொழும்பு விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்து நின்றபோதுதான் அதை எனக்குக் காட்டினாள்.

"மூண்டு நாள் காணுமா அப்பா, எல்லாம் பாக்க?" என்று கேட்டாள்.

பதினொன்றில் பத்து நான் செய்யாதவை. அது போகட்டும், கோட்டையையும் கோயிலையும் விட்டால் அந்தப் பட்டியலில் இருந்த ஓர் இடத்தையும் நான் கண்ணால் கண்டதில்லை.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். ஆனால் நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், வெளிநாட்டுக்காரன் விமானம் ஏறி வந்து பார்க்கிற இடத்தை உள்ளூரில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்? நான் திருகோணமலையில், பாலையூற்றில் பிறந்து வளர்ந்தவன். அங்கிருந்து கன்னியாவுக்குச் சைக்கிளில் அரை மணி நேரம் காணும். முப்பத்துமூன்று வருடங்களுக்கு முன் நாட்டைவிட்டுப் போகும்வரை அந்த அரை மணி நேரம் எனக்கு வாய்க்கவில்லை.

இப்போது நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு சின்னப் பட்டினத்தில் இருக்கிறேன். நகரசபையின் பூங்காப் பிரிவில் வேலை. கோடையில் புல் வெட்டுவேன், பூப்பாத்தி போடுவேன். பனிக்காலத்தில் நடைபாதையில் மணல் தூவுவேன். அங்கே மார்கழியில் பின்னேரம் மூன்று மணிக்கே இருட்டிவிடும். சின்னவளாக இருந்த ஆரணியை வைத்துக்கொண்டு அந்த நீண்ட இருட்டைக் கழிப்பதற்காகத்தான் கதை சொல்லத் தொடங்கினேன். நரியும் காகமும் ஒரு கிழமையில் முடிந்துபோயின. அதற்குப் பிறகு கதாநாயகனாக நான் வந்தேன்.

பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அவள் வீட்டில் எதற்கும் நோர்வே மொழியில்தான் பதில் சொன்னாள். கதை நேரத்தில் மட்டும் தமிழுக்கு வந்துவிடுவாள். "பிறகு? மான் என்ன செய்தவர்?" என்று கேட்பாள். மிருகம், மரம், கிணறு எல்லாவற்றுக்கும் மரியாதை கொடுப்பாள், பள்ளிக்கூட அதிபரை 'அவன்' என்பாள். நான் திருத்தப்போனால் அந்தத் தமிழும் நின்றுவிடும் என்ற பயத்தில் விட்டுவிட்டேன்.

அவளைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அவளுக்குப் பொய் வராது. எட்டு வயதில் ஒஸ்லோவில் ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டுக்கு, பூப்பு விழாவுக்கு, போவதற்காக இரண்டு நாள் பள்ளிக்கூடத்தை நிறுத்தி, காய்ச்சல் என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை "சுகமாகிவிட்டதா?" என்று கேட்க, இவள் "காய்ச்சல் இல்லை, நான் நாலு வடை சாப்பிட்டு ஆடினேன்" என்று சொல்லியிருக்கிறாள். அந்த நாலு வடைக்காக என்னைக் கூப்பிட்டு, கோப்பி தந்து, மூன்று பேர் மேசையைச் சுற்றியிருந்து ஒரு மணி நேரம் மிக அன்பாக விசாரித்தார்கள். விடுமுறை விண்ணப்பப் படிவம் ஆறு பக்கத்தில் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

என் மனைவி வதனி பருத்தித்துறைக்காரி. நான் கதை சொல்கிறபோதெல்லாம் குசினிக்குள் நின்று "அண்டப்புளுகு" என்பாள். "அப்பா பொய் சொல்லேல்லை" என்று ஆரணி உடனே வழக்குக்குப் போவாள். பதினைந்து வருடங்களாக அந்த வழக்குத் தீரவில்லை. வதனிக்கு முதியோர் இல்லத்தில் லீவு கிடைக்காததால் இந்தமுறை நானும் மகளும்தான் வந்தோம். வழியனுப்ப வந்தவள் மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீ பொய் சொல்லாத பிள்ளை. நேர போய்ப் பாத்திட்டு அங்க நிண்டே எனக்குப் போன் எடுத்துச் சொல்லு" என்றாள்.

எனக்கு வதனியின் பயம் பெரிதில்லை. ஆவணியில் ஆரணி வடக்கே ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள், விமானத்தில் இரண்டு மணி நேரம். இனித் தொலைபேசிதான். இந்தக் கதைகளும் பொய்த்துப் போனால் எங்களுக்கிடையில் என்ன மிஞ்சும்? "சாப்பிட்டியா?" "ஓம்." அவ்வளவுதான்.

2

திருகோணமலையில் இறங்கியதும் முதல் வேலையாக நஸீருக்குத் தொலைபேசி எடுத்தேன். நஸீர் கிண்ணியாக்காரன். பட்டினத்தில் மாமா வீட்டில் தங்கி என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், இப்போது சொந்தமாக ஓட்டோ வைத்திருக்கிறான். அவனிடம் உண்மையைச் சொன்னேன்.

"மச்சான், எனக்கு ஒரு இடமும் தெரியாது. பிள்ளைக்கு முன்னால மானம் போகப்போகுது."

"நீ ஏன் பயப்பிடுறாய்? நான் முன்னுக்கு நடக்கிறன். கண்ணைக் காட்டினா நீ கதையை விடு" என்றான்.

முதல் நாள் கோட்டைக்குப் போனோம். அது எனக்குத் தெரிந்த இடம். வெள்ளிக்கிழமைகளில் அம்மாவோடு கோணேசர் கோயிலுக்குப் போய் வந்த பாதை. வாசல் வளைவு, பழைய சுவர், அரசமரம் என்று ஒவ்வொன்றையும் காட்டி வாய் ஓயாமல் கதைத்தேன். மலைப்பாறை பிளந்து நிற்கும் இராவணன் வெட்டில் கடல் அவ்வளவு ஆழத்தில் நீலமாகக் கிடந்தது. ஆரணி கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

திரும்பி வரும்போது மரத்தடியில் மான் கூட்டம் நின்றது. இங்கே ஒரு விடயம். வெளிநாட்டில் எத்தனை வருடம் இருந்தாலும் எனக்குத் தொலைபேசிக்குள் இருக்கும் கடதாசியில் நம்பிக்கை இல்லை. விசா அனுமதி, திரும்பிப் போகும் ரிக்கற், விடுதிப் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் அச்சடித்து ஒரு கோப்பில் போட்டுக் கக்கத்தில் வைத்திருப்பேன். பெட்டைமான் ஒன்று பின்னால் வந்து, கோப்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த தாளை இழுத்தது. நான் ஒரு பக்கம் இழுக்க அது ஒரு பக்கம் இழுத்தது. அது வென்றது. நின்ற இடத்திலேயே, என்னைப் பார்த்துக்கொண்டே, ஆறுதலாக மென்று விழுங்கியது. பிறந்த ஊரில் முப்பது நாள் தங்குவதற்கு எனக்குத் தரப்பட்ட அனுமதி மானின் வயிற்றுக்குள் போய்விட்டது.

ஆரணி நிலத்தில் இருந்துவிட்டாள், சிரிப்பில் மூச்சு எடுக்க முடியவில்லை. "பாஸ்போட்டில முத்திரை இருக்கு அப்பா, பயப்பட வேண்டாம்" என்று இடையிடையே சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்து, தொலைபேசியை எடுத்து, பட்டியலின் முதல் வரிக்கு நேரே சரி போட்டாள். "மான் உண்மையா கடதாசி சாப்பிடுறவர். நான் அம்மாக்குச் சொல்லுவன்" என்றாள்.

அந்த மானுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன்.

3

இரண்டாம் நாள் கன்னியா. காலையில் புறப்படும்போது ஆரணி பாலையூற்றுச் சந்திக் கடையில் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி ஆறு முட்டை வாங்கினாள். ஏன் என்று கேட்டேன். "நாலாவது கிணத்தில அவிக்க" என்றாள். நான் நஸீரைப் பார்த்தேன். அவன் பாதையைப் பார்த்து ஓட்டினான்.

கிணறு என்றால் எனக்கு என்ன தெரியும்? எங்கள் வளவில் இருந்தது மாதிரி ஆளைப் போட்டால் காணாமல் போகிற கிணறு. அப்படி ஏழு. அவற்றில் கரைக்குக் கரை மூச்சடக்கி நீந்தியதாகவும், நடுவில் தண்ணீர் கொதிக்கிற இடத்தில் உடம்பை வளைத்துத் தப்பியதாகவும் ஆரணிக்கு ஆறு வயதிலிருந்து சொல்லிவந்தேன். போன வருடம் அவளுடைய நீச்சல் குழுவினருக்கே அதைச் சொல்லியிருந்தாள்.

மதிலால் சுற்றிய ஒரு வளவுக்குள் போனோம். நஸீர் கண்ணைக் காட்டுவான் என்று பார்த்தேன். அவன் என்னைவிட ஆவலாகக் கழுத்தை நீட்டி, "எங்க, கிணத்தைக் காணேல்லை" என்று முணுமுணுத்தான்.

நிலத்தில் ஏழு சதுரக் குழிகள். குந்தியிருந்தால் ஆள் ஒருவருக்குக் காணும், காலை நீட்டினால் இடிக்கும். இறங்கி நின்றால் தண்ணீர் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும். அடியில் கிடந்த சில்லறைக் காசு தெளிவாகத் தெரிந்தது. சனங்கள் ஓரத்தில் நின்று வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் உள்ளே இறங்கவில்லை. இறங்கக்கூடாது என்று பலகையில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது.

ஆரணி ஏழையும் ஒருமுறை சுற்றி வந்தாள். முட்டைப் பை கையில் ஆடியது.

"எவர் அப்பா? நீங்கள் நீந்தினவர் எவர்?"

"அப்ப பெரிசா இருந்தது பிள்ளை."

"கிணறு சின்னதா வந்தவரா?"

"இடிச்சுத் திருத்திக் கட்டியிருப்பினம்" என்றேன்.

பக்கத்தில் ஈரச் சேலையோடு நின்ற ஓர் அம்மா வாளியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் சின்னனில இருந்து வாறனான் தம்பி. இது எப்பவும் இவ்வளவுதான்" என்றார். பிறகு ஆரணியின் பையைக் கண்டு, "அதென்ன, முட்டையே? இது குளிக்கிற சூடு, பிள்ளை. முட்டை அவியாது" என்றார்.

ஆரணி என்னைப் பார்த்தபடியே நின்றாள். நான் என்ன செய்வேன்? நஸீர் மீது பாய்ந்தேன்.

"நீதானே பத்தாம் வகுப்பில சொன்னனி, நீந்தினனான் எண்டு. கரைக்குக் கரை எண்டு."

"எனக்கு மாமா சொன்னவர் மச்சான்."

"மாமா இங்க வந்தவரோ?"

"அவருக்குப் பாதையில ஏறினாலே தலைசுத்து. கிண்ணியாத் துறையைத் தாண்டினதே பெரிய காரியம்" என்றான்.

அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைசுத்துக்கார மாமா நீந்தாத கிணற்றில் நஸீர் நீந்தாமல், அவன் நீந்தாததை நான் கொண்டுபோய் நோர்வேயில் நீந்தியிருக்கிறேன். நஸீரும் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்த அம்மா "வந்தனீங்கள், ஊத்தீட்டுப் போங்கோ, ஏழிலயும் வரிசையா" என்று வாளியைத் தர, இரண்டு கிழட்டுப் பொய்யர்களும் சட்டையோடு நின்று மாறிமாறித் தலையில் ஊற்றிக்கொண்டோம். ஒன்றில் இளஞ்சூடு, அடுத்ததில் இன்னும் கொஞ்சம், ஐந்தாவதில் நஸீர் துள்ளினான். எனக்கு அது வாழ்க்கையிலேயே சிறந்த குளிப்பு.

பிறகு கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது ஆரணி தூரத்தில் வாகைமர நிழலில் தனியே இருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

4

திரும்பி வரும் வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். நஸீர் முட்டைகளைக் கடைக்காரரிடம் கொடுத்து அவித்துத் தரச் சொன்னான். ஆரணி தொலைபேசியை மேசையில் வைத்தாள்.

"பட்டியலில எத்தினை உண்மை?"

"மான் மட்டும்."

நஸீர் செருமினான். "அந்தப் பரீட்சை அட்டையும் என்ட அட்டைதான் மகள்" என்றான். அவனுக்கு அதைச் சொல்ல அந்த நேரம்தான் கிடைத்தது.

ஆரணி முதல் நாள் போட்ட சரியையும் அழித்தாள். "பட்டியலில இல்லாத கதை, அம்மாவை முதல் முதல் அப்பளம் பொரிக்கிற இடத்தில கண்டது?" என்று கேட்டாள்.

"அது உண்மை. சத்தியமா உண்மை. அம்மாவையே கேள்."

"நான் எப்பிடி நம்புறது, அப்பா?"

அவள் சத்தம் போடவில்லை. கேள்வியாகத்தான் கேட்டாள். அப்போதுதான் அவளிடம் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னேன். அவள் வயதில் எனக்கு அது சண்டைக்காலம், கன்னியாவுக்குப் போகிற பாதையில் இரண்டு சோதனைச் சாவடிகள். எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று கேட்பார்கள். வெந்நீர்க் கிணறு பார்க்கப் போகிறேன் என்ற உண்மையைச் சொன்னால் அடி விழும். மாமிக்கு மருந்து வாங்கப் போகிறேன் என்றால் விடுவார்கள். எனக்கு அப்போது மாமியே இல்லை. வீட்டை விட்டு வெளிக்கிடும்போது சைக்கிளுக்குக் காற்று இருக்கிறதா என்று பார்ப்பது போல, கையில் ஒரு கதை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வோம். திரியாய்ப் பக்கம் நினைக்கவே முடியாது. ஆகவே போகாத இடத்துக்கெல்லாம் வகுப்பில் இருந்தபடியே போய் வந்தோம்.

ஆரணி கேட்டுக்கொண்டிருந்தாள். "இதுவும் கதையா?" என்றாள்.

"இல்லை மகள்" என்று நஸீர் சொன்னான்.

அவித்த முட்டை வந்தது. ஒருவரும் தொடவில்லை. அந்த நேரம் பார்த்து வதனி தொலைபேசி எடுத்தாள். "என்ன பிள்ளை, கிணத்தைக் கண்டனியோ? தீர்ப்பு என்ன?" என்று அவள் உற்சாகமாகக் கேட்பது எனக்கும் கேட்டது. ஆரணி என்னைப் பார்க்காமல், "நாளைக்குச் சொல்றன் அம்மா" என்று வைத்துவிட்டாள். பிறகு என்னிடம், "நாளைக்குத் திரியாய் பாப்பம். ஆனா நீங்கள் கதை சொல்ல வேண்டாம். ஒண்டும் வேண்டாம்" என்றாள்.

5

மூன்றாம் நாள் நிலாவெளி வீதியில் போகும்போது வாய்க்குப் பூட்டுப் போட்டமாதிரி இருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று விளங்கும். நஸீரும் கதைக்கவில்லை. ஓட்டோ மட்டும் கதைத்துக்கொண்டு போனது.

வழியில் உலகப்போர் காலத்துக் கல்லறைத் தோட்டம் வந்தது. ஆரணி நிறுத்தச் சொன்னாள். பள்ளிக்கூட நாட்களில் பஸ்ஸுக்குள் இருந்து அதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன், உள்ளே போனதில்லை. நல்ல வேளையாக அது பட்டியலில் இல்லை.

வாசலைத் தாண்டியதும் நான் நின்றுவிட்டேன். அப்படியொரு புல்லை நான் நோர்வேயிலும் காணவில்லை. கடற்காற்றும் மணலும் இந்த வெயிலும் சேர்ந்த இடத்தில், வரிசை வரிசையாக நிற்கும் கல்லறைக் கற்களுக்கு நடுவே, கம்பளம் விரித்தது போலப் புல். ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் ஒரு சிறிய பூப்பாத்தி, அதன் ஓரம் நூல் பிடித்து வெட்டியது போல நேராக இருந்தது. என்னை அறியாமல் முழந்தாளிட்டு அந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன்.

தோட்டக்காரர் ஒருவர் மண்வெட்டியோடு வந்தார். "எதால வெட்டுறனீங்கள்?" என்று கேட்டேன்.

"அரைவட்டக் கத்தியாலதான். மெசின் இருக்கு, கல்லுக்குக் கிட்டக் கொண்டுபோகேலாது, கல்லில பட்டிடும்."

"உப்புக்காத்துக்குப் புல்லு எரியேல்லையோ?"

"விடிய முதல் தண்ணி விட்டு இலையைக் கழுவிடோணும். வெயில் ஏறினாப் பிறகு விட்டா அவ்வளவுதான்" என்றார். நோர்வேயில் வீதிப் பனிக்குத் தூவிய உப்பு வசந்தத்தில் புல்லை எரிக்கும், நாங்களும் அப்படித்தான் கழுவுவோம் என்றேன். இரண்டு பேரும் அரை மணி நேரம் உப்பைப் பற்றியே கதைத்தோம். எழும்பிப் பார்த்தபோது ஆரணி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

புறப்படும்போது தோட்டக்காரர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வைக்கச் சொன்னார். பெயர் எழுதினேன். நாடு என்ற இடத்தில் பேனை நின்றது. கொஞ்சம் யோசித்துத் 'திருகோணமலை' என்று எழுதினேன்.

"அது நாடு இல்லை அப்பா" என்றாள் ஆரணி.

"தெரியும்."

அவள் பேனையை வாங்கித் தன் பெயரை எழுதினாள். நாடு என்ற இடத்தில், மேலே இருக்கிறதேதான் என்பதற்கு இரண்டு சிறு கோடு போட்டாள். பிறகு விறுவிறென்று ஓட்டோவுக்குப் போய்விட்டாள். நான் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கதைக்கத்தான் தடையாயிற்றே.

6

நிலாவெளி தாண்டிக் குச்சவெளிப் பக்கம் போனபோது இடப்புறம் களப்பு, வலப்புறம் கடல். ஆரணி தலையை வெளியே நீட்டினாள்.

"அந்தத் தண்ணிக்கு என்ன பேர்?"

"தெரியாது."

"அந்த வெள்ளைப் பறவை?"

"தெரியாது பிள்ளை."

"அந்த மலைதானா திரியாய்?"

"சத்தியமாத் தெரியாது."

"நஸீர் மாமா?"

"எனக்கும் இந்தப் பக்கம் இதுதான் முதல் தரம், மகள்" என்றான் நஸீர்.

ஆரணி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். பிறகு அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "மூண்டு பேருக்கும் ஒண்டும் தெரியாது" என்றாள். அதற்குப் பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் கேட்டாள். கல், மாடு, பாதை திரும்புகிற முடக்கு, ஒரு மூடிய கடை. நாங்கள் இருவரும் சேர்ந்து "தெரியாது" என்றோம். எனக்கு உடம்பு பஞ்சாகிவிட்டது. தெரியாது என்று சொல்வதில் இவ்வளவு சுகம் இருப்பது ஐம்பத்துநான்கு வயதுவரை எனக்குத் தெரியாமல் போயிற்று.

திரியாயில் மலையடிவாரத்தில் ஓட்டோவை விட்டோம். பாதையில் பெரிய பெரிய யானை இலத்தி கிடந்தது, காய்ந்தது. "பின்னேரத்திலதான் வருமாம், இப்ப பயமில்லை" என்று நஸீர் யாரிடமோ விசாரித்து வந்து சொன்னான், இருந்தாலும் தன் கறுப்புக் குடையை என்னிடம் தந்துவிட்டுப் பின்னால் வந்தான். மரநிழலில் கற்படிகள் ஏறிக்கொண்டே போயின. நான் இரண்டு காலாலும் ஏறினேன், அதற்கே மூச்சு வாங்கியது.

உச்சியில், ஆயிரம் வருடத்துக்கும் மேலான கற்தூண்கள் வட்டமாக நிற்க, நடுவில் ஒரு சின்னத் தூபி. சுற்றிக் காடு, காட்டுக்கு அப்பால் வயல், களப்பு, கடல். அது புனித இடம் என்பதால் செருப்பைக் கழற்றவேண்டும். மூவரும் கழற்றி ஒரு எட்டு வைத்தோம். உச்சி வெயில். கல் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. நஸீர் "அல்லாஹ்" என்றபடி திரும்பி மரத்தடிக்கு ஓடினான். நான் நடுவில் அகப்பட்டு, முன்னாலும் போகமுடியாமல் பின்னாலும் போகமுடியாமல் துள்ளினேன்.

ஆரணி பையைத் துழாவிக் குளிருக்குப் போடும் தடித்த கம்பளிக் காலுறை ஒரு சோடி எடுத்தாள். பனிநாட்டுப் பிள்ளை, எந்த நாட்டுக்குப் போனாலும் அது பையில் இருக்கும். ஒன்றைத் தான் போட்டு, மற்றதை என்னிடம் எறிந்தாள். இரண்டு பேரும் தோளில் கைபோட்டுக்கொண்டு, காலுறை போட்ட காலை மட்டும் ஊன்றி, தூணுக்குத் தூண் நொண்டியடித்துச் சுற்றி வந்தோம். ஒற்றைக் காலில் திரியாய். நான் அதைச் சொல்ல வாயெடுக்க, "சொல்லக் கூடாது" என்றாள். சிரிப்பில் கால் தவறி நிழலில் போய் விழுந்தோம்.

அப்படிக் கிடந்தபோதுதான் அவளுடைய தொலைபேசி அடித்தது. வதனி. திரையில் முதியோர் இல்லத்துச் சீருடையோடு நின்றாள்.

"நேற்று நாளைக்கு எண்டனி. சொல்லு பிள்ளை. கிணறு இருக்கோ?"

ஆரணி என்னைப் பார்த்தாள். நான் குடையின் பிடியைப் பார்த்தேன். அவள் உண்மையைத்தான் சொல்வாள், சொல்லட்டும், நான் தேடிக்கொண்டதுதானே என்று மனதை ஒருமாதிரித் தேற்றிக்கொண்டேன்.

"இருக்கிறார் அம்மா. ஏழு பேர்."

"அப்பா நீந்தினவரோ?"

அவள் காலுறையை மேலே இழுத்துவிட்டாள்.

"அதைப் பிறகு சொல்றன். இப்ப நடந்ததைக் கேளுங்கோ" என்றாள். "யானை வந்தவர்."

நான் தலையை நிமிர்த்தினேன்.

"எங்க? என்ன யானை?" என்றாள் வதனி.

"இங்கதான், படி ஏறேக்க. நேர வந்தவர். நான் கத்தீட்டன். அப்பா குடையை விரிச்சு 'ஓய்' எண்டவர். யானை பயந்து போட்டார்."

"நீ கண்டனியோ? உன்ர கண்ணாலயோ?"

"என்ர கண்ணால கண்டனான்" என்றாள் ஆரணி, கண்ணைக்கூட இமைக்காமல்.

"நானும் கண்டனான் தங்கச்சி" என்று மரத்தடியிலிருந்து நஸீர் குரல் கொடுத்தான்.

பதினைந்து வருடங்களாக என் ஒரு சொல்லையும் நம்பாதவள், பொய் சொல்லாத பிள்ளையின் வாயால் வந்ததும் அப்படியே நம்பிவிட்டாள். "அந்த மனிசனுக்கு விசரோ? யானைக்கு முன்னால குடையைப் பிடிச்சுக்கொண்டு" என்றாள். "காயம் ஒண்டும் இல்லையே? அவரைக் காட்டு பார்ப்பம். யானை எவ்வளவு பெரிசு?"

பத்தொன்பது வருடத்தில் ஆரணி சொன்ன முதல் பொய் அது. எனக்காகச் சொன்னாள், தமிழில் சொன்னாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் தொழில் தெரியாத பிள்ளை, இந்த இடத்தில் தடுமாறிவிடுவாள் என்று பட்டது. யானையின் அளவைச் சொல்லிக்கொடுக்கத் தொலைபேசிப் பக்கம் சாய்ந்து வாயைத் திறந்தேன்.

ஆரணி உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள்.

"அம்மா, வடிவாக் கேளுங்கோ" என்றாள். "ஒராள் இல்லை. ரெண்டு பேர் வந்தவை."